தூட்பூச்சுப் பெற்ற மோட்டார்ச் சில்லுகளும் அவற்றைப் பேணும் முறையும்

உலோகங்களுட் பொன் முதலிய சிலவற்றை ஒழித்து ஏனையவை மண்ணிலே தனித்துக் கிடைப்பன அல்ல. அவை ஒட்சிசனோடும் பிற மூலகங்களோடும் கூடிக் கல்லாகவும் மண்ணாகவுமே கிடக்கின்றன. அவற்றைத் தீயாலும் மின்னாலும் பிரித்தெடுத்து, வார்த்தும் அடித்தும் நாம் கருவிகளாக்கிக் கொள்கின்றோம். ஆயினும் பிரிக்கப்பட்ட உலோகம் தன் பழைய நிலையை நாடியே நிற்கின்றது. காற்றும் நீரும் உப்பும் அந்நாட்டத்திற்குத் துணை செய்கின்றன. இரும்பு துருவாவதும், அலுமினியம் வெண்பொடியாவதும், செம்பு களிம்பேறுவதும் இதனாலேயாம். எண்ணெய் தடவுதல், ஈயம் பூசுதல், வர்ணந் தீட்டுதல் ஆகிய தொழில்கள் யாவும் உலோகத்துக்கும் அதன் பகைகளுக்கும் இடையே ஒரு திரையை இடும் முயற்சிகளே.

அத்தகைய திரைகளுள் அண்மைக் காலத்தே நம் நாட்டிற் பெரிதும் பரவியுள்ளது, ‘பவுடர் கோட்டிங்’ என வழங்கும் தூட்பூச்சு. வீட்டு வாயிற்கதவு, சாளரச் சட்டம், கதிரை, துவிச்சக்கர வண்டி ஆகியவற்றோடு மோட்டார் வண்டிகளின் அலுமினியக் கலப்புலோகச் சில்லுகளுக்கும் இப்பூச்சு இடப்படுகின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களின் இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்புருவரியிலேயே மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிற் பழைய வண்டியைப் பேணி வைத்திருப்பதே பலருக்கும் இயன்ற வழியாயிற்று. அக்காலத்திற் பழைய சில்லுகளைச் செப்பனிட்டுப் புதுப்பூச்சு இடுவித்தோர் பலர். இவ்வழக்கம் இன்றும் தொடர்கின்றது.

இக்கட்டுரை எழுத நேர்ந்ததற்கு ஒரு நிகழ்ச்சி காரணமாயிற்று. எனது பழைய வண்டியின் நான்கு சில்லுகளையும் ஒரு வேலைத்தலத்திற் கொடுத்துப் பூசுவித்தேன். அவை புதியனபோலப் பளபளத்தன. நானும் மனநிறைவோடு அவற்றைப் பூட்டுவித்து வண்டியை ஓட்டி வந்தேன். நான்காம் நாட் காலையில், அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குச் செல்லும்போது, முன்பக்கத்து இடச்சில்லிலிருந்து விட்டுவிட்டு ஓர் ஓசை எழுந்தது. இறங்கிப் பார்த்தேன். ஐந்து நட்டுக்களுள் மூன்று விரலாற் சுழற்றத்தக்க அளவுக்குத் தளர்ந்திருந்தன. இன்னுஞ் சில மைல் சென்றிருப்பின் யாது நேர்ந்திருக்கும் என்பதை நினைக்கவே நெஞ்சு நடுங்குகின்றது. அழகுக்கென இட்ட பூச்சு உயிருக்கே ஊறாக வந்தது எங்ஙனம் என ஆராயப் புகுந்தபொழுது அறிந்தவற்றையே ஈண்டுத் தொகுத்துக் கூறுகின்றேன்.

தூட்பூச்சாவது யாது?

சாதாரண வர்ணத்தில் நிறப்பொடியும் பிசினும் ஒரு கரைப்பானிற் கலந்திருக்கும். தீட்டிய பின் கரைப்பான் ஆவியாகிக் காற்றிற் சேர, எஞ்சியவை பரப்பின்மேற் படலமாக நிற்கும். தூட்பூச்சிலோ கரைப்பான் இல்லை. பிசின், அதனை இறுகச் செய்யும் பொருள், நிறப்பொடி ஆகிய மூன்றும் ஒருங்கே உருக்கிக் கலக்கப்பட்டு, ஆறியபின் மாவெனப் பொடி செய்யப்படும். அப்பொடியின் மணிகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்குக்கும் பத்திலொரு பங்குக்கும் இடைப்பட்ட பருமன் உடையன.

இம்முறையின் தொடக்கம் 1950ஆம் ஆண்டுகளின் முற்பகுதியைச் சார்ந்தது. சேர்மனி நாட்டு எர்வின் கெம்மர் என்பார், காற்றை ஊதிப் பொடியை நீர்போல அலையச் செய்து, சூடேற்றிய உலோகப் பொருளை அதனுள் அமிழ்த்தும் முறையைக் கண்டார். சூட்டிற் பட்ட பொடி உருகிப் பொருளின்மேற் போர்வையாகப் படிந்தது. இம்முறையாற் பெறப்பட்ட பூச்சு மிகத் தடித்ததாயிருந்தது. 1960ஆம் ஆண்டுகளில் நிலைமின்னைத் துணைக்கொண்டு பொடியைத் தெளிக்கும் முறை வழக்கிற்கு வந்தபின் மெல்லிய பூச்சுக்களும் இயல்வன ஆயின. இன்று சில்லுகளுக்குக் கையாளப்படுவது இப்பின்னைய முறையே.

தெளிக்குந் துவக்கின் முனையில் 60,000 முதல் 1,00,000 உவோற்று வரையான மின்னழுத்தம் நிலவும். அதனைக் கடந்து செல்லும் பொடிமணிகள் மின்னேற்றம் பெறும். சில்லு நிலத்தோடு மின்தொடர்புற்றுத் தொங்கும். ஆதலின், மின்னேறிய பொடி சில்லினால் ஈர்க்கப்பட்டு அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். மயிரிலே தேய்த்த சீப்புக் கடதாசித் துண்டுகளை இழுப்பதை வகுப்பறையிற் கண்ட மாணவர்க்கு இதன் தத்துவம் புதியதன்று. எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கடத்திகளாற் சூழப்பட்ட உட்குழிவினுள் மின்புலம் புகுதல் அரிது என்பது மைக்கேல் பரடே காட்டிய உண்மை. ஆதலால் ஆரைகளின் உள்மூலைகளிலும் ஆழ்ந்த குழிவுகளிலும் பொடி குறைவாகவே படியும். பூச்சு மெலிந்து நிற்கும் இடங்கள் இவையென்பதை நினைவிற் கொள்க.

பொடி படிந்த சில்லு பின்னர் அடுப்பினுள் வைக்கப்படும். உலோகத்தின் வெப்பநிலை 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை ஏறி, அந்நிலையிற் பத்து முதல் இருபது நிமிடம் நிற்றல் வேண்டும். அப்பொழுது பொடி முதலில் உருகிப் பரவும். பின்னர் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து, மீண்டும் உருகாத வலைப்பின்னலாகும். சுடாத மண்பாண்டம் நீரிற் கரைவதும், சூளையிற் சுட்ட பாண்டம் கரையாது நிற்பதும் போன்ற வேறுபாடு இது. ஆறிய பூச்சின் தடிப்பு வழக்கமாக 60 முதல் 100 மைக்கிரோன் வரையாகும். ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. வெப்பம் போதாதவழிப் பிணைப்பு நிரம்பாது. பூச்சு எளிதில் உடையும். வெப்பம் மிகினும் தீங்கே. சில்லுகளுக்குப் பெரிதும் பயன்படும் கலப்புலோகத்தில் நூற்றுக்கு ஏழு பங்களவு சிலிக்கனும் மிகச் சிறிதளவு மகனீசியமும் உள. அது அளவான வெப்பத்திற் பலமணி நேரம் பதப்படுத்தப்பட்டே தன் வலிமையைப் பெற்றது. 200 பாகைக்கு மேல் நெடுநேரம் சுடின் அவ்வலிமை குன்றும்.

பூச்சின் ஆயுளை நிச்சயிப்பது பெரும்பாலும் அதன் கீழுள்ள பரப்பே. பழைய வர்ணம் முழுவதும் நீக்கப்படல் வேண்டும். அரிப்புண்ட வெண்பொடி மணல்வீச்சினால் அகற்றப்படல் வேண்டும். எண்ணெய்ப் பசை கழுவப்படல் வேண்டும். அதன்பின் உலோகப் பரப்பின்மேற் சிர்க்கோனியம் முதலியவற்றின் சேர்வைகளால் ஒரு மெல்லிய பிடிபடலம் உண்டாக்கப்படல் வேண்டும். வார்ப்பு உலோகத்தின் நுண்துளைகளில் அடைபட்ட வாயு, சூட்டில் வெளிப்பட்டுப் பூச்சிலே ஊசித்துளைகளை ஆக்கும். ஆதலின் பூசுமுன் ஒருமுறை வெறுஞ்சில்லைச் சூடேற்றி அவ்வாயுவைப் போக்குவர். பூச்சு இட்டபின் உலோகத்தின் வெடிப்புக்கள் கண்ணுக்குப் புலனாகா என்பதால், வெடிப்பும் வளைவும் உளவோ என ஆராய்தற்கு உரிய காலமும் அதுவே. வேலைக்குக் கொடுப்போர் இவற்றையெல்லாம் முன்னரே வினவி அறிதல் நன்று.

பூட்டுமிடத்திற் பூச்சாகாமை

இனி எனது வண்டியின் நட்டுக்கள் தளர்ந்த காரணத்தைக் கூறுவேன். சில்லைக் குடத்தோடு பிணைப்பது நட்டின் திருகன்று. இழுபட்டு நிற்கும் ஆணியின் மீள்தன்மையே. நட்டை முறுக்கும்போது ஆணி ஒரு வில்லைப்போலச் சிறிது நீள்கின்றது. நீண்ட ஆணி மீளச் சுருங்க முயன்று சில்லைக் குடத்தோடு அழுத்திப் பிடிக்கின்றது. 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் ஆணியிலே நட்டை 100 நியூட்டன் மீற்றர் முறுக்களவிற் பூட்டினால், ஆணியில் ஏறத்தாழ 40 கிலோநியூட்டன் இழுவிசை தோன்றும். இழுபடும் பகுதி 20 மில்லிமீற்றர் நீளமாயின், அது நீளும் அளவு ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர் மட்டுமே. அதாவது 50 மைக்கிரோன்.

தூட்பூச்சின் தடிப்பு 60 முதல் 100 மைக்கிரோன் என மேலே கண்டோம். நட்டு வந்தமரும் கூம்புவடிவான குழிவிலும், குடத்தோடு பொருந்தும் பின்முகத்திலும் இப்பூச்சு இருக்குமாயின், பேரழுத்தத்தாலும் பிறேக்கின் சூட்டாலும் அது நாளடைவில் நசிந்து விலகும். அங்ஙனம் விலகும் தடிப்பு, ஆணி நீண்ட அளவுக்கு ஒத்ததாகவோ அதனினும் மிக்கதாகவோ இருத்தல் கூடும். அப்பொழுது ஆணியின் நீட்சி முழுவதும் கெட்டு, பிடிப்பு அற்றுப்போகின்றது. நட்டு ஒரு சுற்றுத்தானும் கழலாதிருக்கவும் பிணைப்பு ஒழிந்துவிடுகின்றது. பின்னர் அதிர்ச்சியால் நட்டுக் கழலத் தொடங்குகின்றது. எனது சில்லுகளிற் குழிவுகளும் பின்முகமும் மறைக்கப்படாமலே பூசப்பட்டிருந்தன. அவ்விடங்களைச் சூடு தாங்கும் அடைப்பான்களாலும் ஒட்டுநாடாவாலும் மூடியே பூசுதல் வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி.

ஆகையாற் சில்லுகளைப் பெற்றுக்கொள்ளும்போது பளபளப்பை நோக்குமுன் நட்டுக்குழிவுகளையும் பின்முகத்தையும் நோக்குக. அவ்விடங்களில் வெறும் உலோகமே தெரிதல் வேண்டும். பூட்டும்போது முறுக்களவு காட்டுஞ் சாவியைக் கொண்டு, வண்டியின் கைந்நூலிற் குறித்த அளவுக்கே, எதிரெதிர் நட்டுக்களாக மாறிமாறி இறுக்குதல் வேண்டும். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை அவ்வளவைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. சரிபார்க்குந்தோறும் நட்டுத் தளர்ந்தே காணப்படின், சில்லைக் கழற்றிக் காரணத்தை அறியும்வரை வண்டியை ஓட்டலாகாது.

ரயரின் விளிம்பு வந்து பொருந்தும் உட்சுற்றும் இங்ஙனமே கவனித்தற்குரியது. அங்கே பூச்சு ஒரே சீராகவும் மெல்லியதாகவும் இருத்தல் வேண்டும். திரண்டும் திட்டுத்திட்டாகவும் படிந்திருப்பின் காற்று மெல்லக் கசியும்.

பூச்சின் பகைகள்

முதற் பகை கல். முன்செல்லும் வண்டியின் ரயரிலிருந்து தெறிக்கும் பருக்கைக்கல், பூச்சிலே கடுகளவு துளையை ஆக்கும். தூட்பூச்சு வன்மை மிக்கதேயெனினும், வெளியே தெரியாத அச்சிறு துளையே ஏனைய பகைகளுக்கு வாயிலாகின்றது.

இரண்டாவது பகை உப்பு. அலுமினியம் இயல்பாகவே தன்மேல் ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்திலொரு பங்கினும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தைப் போர்த்துக்கொண்டு தன்னைக் காக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு அப்படலத்தைத் துளைக்கவல்லது. துளை விழுந்த பூச்சின் விளிம்பில் உப்புநீர் புகின், பூச்சின் அடியில் ஒரு மெல்லிய இழைபோல அரிப்பு ஓடத் தொடங்கும். அவ்விழையின் தலைப்பில் ஒட்சிசன் குறைந்து அமிலத்தன்மை மிகுந்திருக்கும். வாற்புறத்தால் ஒட்சிசன் நுழையும். இவ்வேறுபாடே ஒரு சிறு மின்கலமாகித் தலைப்பை முன்னோக்கிச் செலுத்தும். மரப்பட்டையின் கீழே புழு வழிசெய்து செல்வது போன்ற தோற்றமுடைய இதனை இழையரிப்பு எனலாம். அலுமினியத்தில் இது காற்றின் சார்ஈரப்பதன் நூற்றுக்கு 75 முதல் 95 வரை இருக்கும்போதே பெரிதும் நிகழும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டினர் இவ்வெண்ணை ஊன்றி நோக்குதல் வேண்டும். கறியுப்பு, காற்றின் சார்ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐக் கடக்கும்போது தானே நீரை ஈர்த்துக் கசிந்துவிடும் இயல்புடையது. மாரிகாலத்து அடுக்களையில் உப்புச்சாடி கசிவதை யாவரும் அறிவர். பண்ணைப் பாலத்தாலும் தீவுப்பகுதித் தெருக்களாலும் ஆனையிறவு வழியாகவும் செல்லும் வண்டிகளின் சில்லுகளிற் படியும் உப்பு, பகலிற் காய்ந்ததுபோலத் தோன்றினும் இரவிற் காற்றின் ஈரம் ஏறக் கசிந்து தன் தொழிலைச் செய்யும். கனடா முதலிய குளிர்நாடுகளில் வாழும் நம் பழைய மாணவர்க்கு இடர் இன்னும் மிகுதி. அங்கே பனியை உருக்கத் தெருவில் இடப்படும் பொருள்களுட் கல்சியங் குளோரைட்டும் மகனீசியங் குளோரைட்டும் அடங்கும். இவை சார்ஈரப்பதன் நூற்றுக்கு 35ஐக் கடந்தாலே கசியத்தக்கன. ஆதலாற் சில்லு ஈரமற்று நிற்கும் வேளை அங்கு மிகக் குறைவு.

மூன்றாவது பகை பிறேக்குத்தூள். பிறேக்குத்தட்டு வார்ப்பிரும்பினால் ஆனது. பிறேக்குப் பிடிக்குந்தோறும் தட்டும் அதனைப் பற்றும் கட்டைகளும் தேய்ந்து, சூடான இரும்புத்துகள்கள் சில்லின்மேற் படிகின்றன. நாட்கணக்கில் விடப்படின் அவை ஈரம்பட்டுத் துருவேறிப் பூச்சோடு பற்றிக்கொள்ளும். அலுமினியச் சில்லிலே காணப்படும் செந்நிறப் புள்ளிகள் சில்லின் துருவல்ல. வந்து படிந்த இரும்பின் துருவே.

நான்காவது பகை வெயில். சூரியனின் ஊதாக்கடந்த கதிர்கள் பிசினின் பிணைப்புக்களை அறுக்கின்றன. எப்பொக்சிப் பிசினால் ஆன பூச்சு வெளியிற் சில காலத்துள்ளேயே சுண்ணாம்பு பூத்தது போல வெளிறும். பொலியெசுத்தர்ப் பிசினாலான பூச்சு நெடுங்காலம் தாங்கும். ஆதலின் சில்லின் மேற்பூச்சுப் பொலியெசுத்தர் வகையினதாக இருத்தல் வேண்டும். எப்பொக்சியை அடிப்பூச்சாகக் கொள்ளுதல் தகும்.

ஐந்தாவது பகை நாமே. கழுவுகின்றோம் என எண்ணிக் கெடுப்பவர் பலர். புடைவை தோய்க்கும் தூள் காரத்தன்மை மிக்கது. பொலியெசுத்தரின் எசுத்தர்ப் பிணைப்பைக் காரம் மெல்லப் பிரிக்கும். எரிசோடா கலந்த பொருள்களோ பூச்சைக் கடந்து அலுமினியத்தையும் கரைக்கும். கடையில் விற்கப்படும் சில்லுக்கழுவிகளுட் சில, ஐதரோபுளோரிக்கமிலத்தையோ அதனைத் தோற்றுவிக்கும் உப்புக்களையோ கொண்டவை. அவ்வமிலம் தோலினூடு புகுந்து உடலின் கல்சியத்தைக் கட்டும் கொடிய நஞ்சு. அதனைச் சில்லுக்கு இடுதல் ஒருபுறமிருக்க, வீட்டில் வைத்தலுமே தகாது.

புதுப்பூச்சைப் பேணுமாறு

தீட்டிய வர்ணம் உலர்ந்து முதிர்தற்குப் பல வாரம் செல்லும். தூட்பூச்சு அத்தகையதன்று. அடுப்பிலே நன்கு சுடப்பட்டதாயின், ஆறியவுடனே அதன் இரசாயன மாற்றம் முற்றுப்பெற்றுவிடும். ஆதலின் மெழுகிடுதல் முதலிய காப்புக்களை நாட்கடத்தாது, ரயரைப் பூட்டுமுன்னரே செய்துகொள்ளலாம். சில்லின் உட்புறமெங்கும் கையெட்டும் காலம் அதுவேயாகும்.

ரயரைப் பூட்டும்போதே புதுப்பூச்சு முதன்முதலிற் காயமுறுவது பெரும்பான்மை. இரும்பு நெம்புகோல் சில்லின் விளிம்பிற் படுமிடத்து ஒரு பிளாத்திக்கு உறையை இடையே வைக்கும்படி வேலையாளரைக் கேட்டுக்கொள்ளுதல் தவறன்று. சில்லைச் சமன்செய்ய இடும் நிறைத்துண்டுகளுள், விளிம்பிற் கவ்வுமாறு அடிக்கப்படுபவை பூச்சை உடைத்து அலுமினியத்தைத் தீண்டும். உட்புறத்தில் ஒட்டப்படும் நிறைகளையே விரும்பிக் கேட்டல் நன்று. நட்டுக்களை இறுக்கும் சாவியும் மெல்லிய சுவருடையதாய், குழிவின் பக்கங்களை உரசாததாய் இருத்தல் வேண்டும்.

கழுவுதலே காப்புக்களுள் தலையாயது. நம் கடற்கரைப் பகுதிகளில் வாரம் ஒருமுறையும், உப்புநீர் தெறித்த நாளில் அன்று மாலையிலேயும் கழுவுதல் வேண்டும். ஓடி வந்த சில்லுச் சூடாறும்வரை காத்திருக்க. சூடான சில்லில் நீர் உடனே வற்றி, கழுவுபொருளின் செறிவு மிகும். முதலில் வெறுநீரால் மணலையும் தூளையும் போக்குக. பின்பு காரமும் அமிலமும் இல்லாத நடுநிலைச் சவர்க்காரநீரில் மெல்லிய துணியைத் தோய்த்துத் துடைக்க. வண்டியின் உடலுக்கு ஒரு துணியும் சில்லுக்கு வேறொரு துணியும் வைத்துக்கொள்க. சில்லின் இரும்புத்துகள் உடலின் வர்ணத்தைக் கீறும். கம்பித் தூரிகையும் தேய்க்குந் தூளும் அணுகலாகா. அழுத்தநீர் பீச்சுவோர் முனையைச் சில்லிலிருந்து ஓர் அடிக்குக் குறையாத தூரத்தில் பிடித்தல் வேண்டும். உடைந்த விளிம்பிற் பீச்சின் பூச்சு உரிந்து போதல் கூடும்.

கழுவும் நீரைப்பற்றியும் நாம் சிந்தித்தல் வேண்டும். குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல்லால் ஆனது. ஆதலின் கிணற்றுநீர் வன்னீராயிருக்கும். அது சில்லிற் காய்ந்தால் கல்சியங் காபனேற்று வெண்புள்ளிகளாகப் படியும். கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்ப்பானதும்கூட. அத்தகைய நீராற் கழுவிக் காயவிடுதல் உப்பைப் போக்குதற்குப் பதிலாக உப்பை இடுதலேயாகும். ஆகையால் நன்னீர்க்கிணற்று நீரையோ, பீலியிற் பிடித்த மழைநீரையோ கடைசி அலம்புதலுக்குப் பயன்படுத்துக. அலம்பியவுடன் உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுக. முன்னரே படிந்த வெண்புள்ளிகளை, நீர் கலந்து மெலிவித்த வினாகிரியால் துடைத்து, உடனே நல்ல நீரால் அலம்பி நீக்கலாம்.

பற்றிய இரும்புத்துருவை நீக்கத் தயோகிளைக்கொலேற்று உப்பைக் கொண்ட கழுவிகள் கிடைக்கின்றன. அவை இரும்போடு கூடியவிடத்து ஊதாநிறங் காட்டும். துர்நாற்றமுடையவெனினும் நடுநிலையை அண்மியவாதலின் பூச்சுக்குத் தீங்கு குறைந்தவை. குறித்த நேரத்துக்கு மேல் காயவிடாது அலம்பிவிடுதல் வேண்டும். தார்த் துளிகளைச் சிறிது மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் ஒற்றி எடுத்து, உடனே சவர்க்காரநீராற் கழுவுக. தின்னரும் அசற்றோனும் பூச்சை மென்மையாக்கும், அவற்றை விலக்குக.

இறுதியாக மெழுகு. பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றிலிருந்து பெறப்படும் கானோபா மெழுகு ஏறத்தாழ 82 முதல் 86 பாகையில் உருகுவது. மலைப்பாதையிலும் நெரிசற் தெருவிலும் அடிக்கடி பிறேக்குப் பிடிக்கும் வண்டியின் சில்லு மிகவும் சூடேறுவதால், அம்மெழுகு சில வாரங்களுக்கே நிற்கும். செயற்கைப் பல்பகுதியங்களாலும் சிலிக்காவாலும் ஆன காப்புப்பொருள்கள் பல மாதம் நிற்பன. எதனை இடினும் அதன் பயன் ஒன்றே: தூளும் உப்பும் பூச்சைப் பற்றாது, அடுத்த கழுவுதலில் எளிதில் நீங்கும். மெழுகிட்டோம் என்று கழுவாது விடுதல் பேதைமை.

குறை நேர்ந்தவிடத்துச் செய்வன

மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்திலே சில்லுகளைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். விளிம்பு, ஆரையின் உள்மூலை, காற்றடைக்கும் வாயைச் சூழ்ந்த இடம், நிறைத்துண்டின் அருகு ஆகியவற்றை முதலில் நோக்குக. கல்லுடைவு காணப்படின் அன்றே கழுவி உலர்த்தி, அவ்விடத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தூசு துடைத்து, அதே நிறத்துத் திரவ வர்ணத்தை ஒரு சிறு தூரிகையால் இட்டு மூடிவிடுதல் வேண்டும். தூட்பூச்சை ஒரு புள்ளிக்கு மட்டும் இடுதல் இயலாது. ரயரைக் கழற்றிச் சில்லு முழுவதையும் அடுப்பில் வைத்தல் வேண்டும். திரவ வர்ணம் அழகில் முழுதும் ஒத்திராவிடினும் வாயிலை அடைத்துவிடும், அதுவே வேண்டுவது. இழையரிப்பு ஓடத் தொடங்கியிருப்பின், தளர்ந்த பூச்சை உறுதியான எல்லை வரும்வரை சுரண்டி, வெண்பொடியை முற்றாக நீக்கிய பின்னரே மூடுதல் வேண்டும். வெண்பொடியின்மேல் இட்ட வர்ணம் நில்லாது.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய வண்டிகளின் உருக்குச் சில்லுகளுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. உருக்கின் துரு நுண்துளைகள் நிறைந்தது; தன் கீழுள்ள உலோகத்தைச் சிறிதும் காவாது. ஆதலின் அவற்றுக்கு நாகஞ் செறிந்த அடிப்பூச்சு ஒன்றை இட்டு, அதன்மேல் தூட்பூச்சை இடுவித்தல் சாலச் சிறந்தது.

எனது சில்லுகளை மீண்டும் கழற்றி, நட்டுக்குழிவுகளிலும் பின்முகத்திலும் இருந்த பூச்சை உலோகம் தோன்றுமளவும் நீக்குவித்தேன். அதன் பின் நட்டுக்கள் தளரவில்லை. ஆயினும் மாதந்தோறும் சாவியை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வழக்கத்தை நான் விட்டிலேன். நம்முட் பலர் ஒரு பொருளைப் புதுக்கியவுடன் அதன்மேல் வைத்த கண்ணை எடுத்துவிடுகின்றோம். பூச்சு என்பது நமக்குச் சில ஆண்டு அவகாசத்தை வாங்கித் தருவது. அவ்வவகாசம் வாளிநீரும் துணியும் பொறுமையும் உடையார்க்கே பயன்படும். மாணவர்கள் தம் வீட்டு வண்டியைக் கழுவும்போது, அதன் சில்லிலே நிலைமின்னியலும் இரசாயனமும் பொறியியலும் ஒருங்கே கூடியிருத்தலை நோக்குவாராக. தந்தையர் புதுச்சில்லைப் பூட்டிய வண்டியிற் பிள்ளைகளை ஏற்றுமுன் நட்டுக்களை ஒருமுறை நோக்குவாராக.